வகுப்பில் குழந்தைக்கு அடி விழுந்தால்: புதிதாகப் பொறுப்பேற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு வழிகாட்டி

பதவி உயர்வில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போன இரண்டாவது மாதம் அது நடந்தது. மூன்றாம் வகுப்புப் பையன். கரும்பலகையைப் பார்த்து எழுதவில்லை என்று மர ஸ்கேலால் புறங்கையில் நாலு அடி. சாயங்காலத்துக்குள் கை வீங்கிவிட்டது. அடித்தவர் என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவர், ஊரில் நல்ல பெயர் உள்ளவர். "பேசி முடிச்சிடலாம் டீச்சர், இதைப் போய்ப் பெரிசாக்காதீங்க" என்றார்கள் எல்லாரும். நானும் பேசி முடித்தேன். "எனக்குப் புகார் எதுவும் இல்லை" என்று அம்மாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து விசாரணை வந்தது. என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள். உங்களுக்கு இது எப்போது தெரியும்? தெரிந்ததும் என்ன செய்தீர்கள்? இரண்டுக்கும் பதிலாகக் காட்ட, தேதி போட்ட ஒரு தாள்கூட என்னிடம் இல்லை. நான் வாங்கி வைத்த அந்தக் கையெழுத்து, விஷயத்தை மூடப் பார்த்தேன் என்பதற்கே சாட்சியானது. எனக்கும் மெமோ வந்தது. அது எனக்குத் தகும். மனதை இன்றும் அறுப்பது வேறு. அந்தப் பையனின் விரல் எலும்பில் மயிரிழை அளவு விரிசல் இருந்தது. பன்னிரண்டு நாள் அதோடுதான் எழுதியிருக்கிறான். அப்புறம் தெரிந்தது, அவனுக்குக் கிட்டப்பார்வை. கரும்பலகை தெரியாததால்தான் பார்த்து எழுதவில்லை.

அதற்குப் பிறகு நான் கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் கற்றுக்கொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளிகளை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். உதவிபெறும் பள்ளிக்கும் தனியார் நர்சரி பிரைமரி பள்ளிக்கும் அறிக்கை போகும் இடம் மாறும். அதை 7ஆம் படியில் சொல்கிறேன்.

1. பொறுப்பேற்ற முதல் வாரத்தில் மூன்று தாள்களைத் தயார் செய்யுங்கள்

முதல் தாள், உறுதிமொழி. பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியர் ஒவ்வொருவரும் உடல் தண்டனையோ மனத் துன்புறுத்தலோ பாகுபாடோ செய்யமாட்டேன் என்று எழுத்தில் தரவேண்டும் என்பது தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறையில் இருக்கிறது. இந்த நெறிமுறைகளை மாநிலத்தில் நடைமுறைப்படுத்தச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் பள்ளிக்கல்வித் துறைக்கு உத்தரவிட்டது. உங்கள் பள்ளிக்கு வந்த சுற்றறிக்கைக் கோப்பில் அது தொடர்பான செயல்முறைகள், அதாவது அலுவலக உத்தரவு, இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டு ஒரு நகல் வாங்கிவிடுங்கள்.

உறுதிமொழியை ஆசிரியர்களிடம் மட்டும் வாங்கி நிறுத்திவிடாதீர்கள். சத்துணவு அமைப்பாளர், சமையலர், காலை உணவு பரிமாறுகிறவர், தூய்மைப் பணியாளர், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வந்த தற்காலிக ஆசிரியர் என எல்லாரிடமும் வாங்குங்கள். தட்டைக் கவிழ்த்த குழந்தைக்குக் கரண்டியால் விழும் அடியும் உங்கள் வளாகத்தில் விழுந்த அடிதான்.

இரண்டாவது தாள், ஆசிரியர் கூட்டக் குறிப்பு. இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17ஐ அந்தக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். அதில் இருப்பது இரண்டே விஷயம்: எந்தக் குழந்தைக்கும் உடல் தண்டனையோ மனத் துன்புறுத்தலோ கூடாது; மீறுகிறவர் மீது அவருக்குப் பொருந்தும் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை. படித்ததைக் குறிப்பில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். "எனக்கு யாரும் சொல்லலையே" என்ற பேச்சுக்கு அதோடு இடமில்லை.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம். இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்திலேயே அடி பற்றிய புகார்களைப் பார்க்கும் கண்காணிப்புக் குழுவில் யார் யார் என்று பெயர் போட்டுத் தீர்மானம் எழுதுங்கள். சம்பவம் நடந்த பிறகு குழு அமைத்தால் அடித்தவருக்கு வேண்டியவர்களைப் பார்த்துப் போட்டதாகப் பேச்சு வரும். எனக்கு வந்தது.

2. எதெல்லாம் அடி என்பதில் தெளிவாக இருங்கள்

"நான் அடிக்கவே இல்லை, லேசா கொட்டினேன்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. அவரைப் பொறுத்தவரை கொட்டுவது அடியில் சேராது. அதனால் சுவரில் ஒட்டும்படி ஒரு பட்டியலாகவே எழுதிக் கொடுங்கள். கொட்டுதல், கிள்ளுதல், காதைத் திருகுதல், முடியைப் பிடித்து இழுத்தல், முட்டி போட வைத்தல், தண்டனையாகத் தோப்புக்கரணம், பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தல், வெயிலில் நிறுத்துதல், புத்தகப் பையைத் தலையில் வைத்து நிறுத்துதல், வகுப்பறையிலோ கழிப்பறையிலோ பூட்டி வைத்தல். இவை எல்லாமே உடல் தண்டனைதான்.

வாயால் செய்வதும் கணக்கில் வரும். பட்டப்பெயர், "மாடு மேய்க்கத்தான் லாயக்கு", அப்பாவின் தொழிலைச் சொல்லிக் கேலி. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் விஷயம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரைக்கும் போகும்.

பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. வகுப்புத் தலைவன் கையில் குச்சி கொடுப்பது. "பேசினவங்க பேரை எழுது, ஆளுக்கு ரெண்டு போடு" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் பதிவேடு எழுதப் போய்விடுவார். பக்கத்துப் பிள்ளையின் கன்னத்தில் அறையச் சொல்வதும் நடக்கிறது. அடித்தது குழந்தை என்றாலும் அடிக்கச் சொன்னது ஆசிரியர். உங்கள் பட்டியலில் இதை முதல் வரியாகவே போடுங்கள்.

3. குழந்தை வாய் திறக்க ஒரு வழி வேண்டும்

பிள்ளைகள் குறையைச் சீட்டில் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் வைக்காதீர்கள். நான் அங்கேதான் வைத்திருந்தேன். மூன்று மாதத்தில் ஒரு சீட்டுகூட விழவில்லை. கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் கை எட்டுகிற உயரத்தில் மாற்றிய வாரமே நாலு சீட்டுகள். எழுதத் தெரியாத பிள்ளைகளுக்காகப் படம் வரைந்து போடலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு சீட்டில் ஒரு குச்சியும் ஒரு கையும் மட்டும் வரைந்திருந்தது.

பெட்டியை நீங்கள் தனியாகத் திறக்கக் கூடாது. மேலாண்மைக் குழுவின் பெற்றோர் ஒருவர் கூட இருக்கட்டும். திறந்த தேதி, இருந்த சீட்டுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சீட்டு இல்லாத நாளிலும் "சீட்டு இல்லை" என்று எழுத வேண்டும்.

14417 என்ற கல்வி உதவி எண்ணையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம். சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

4. ஒரு சின்ன நோட்டோடு வகுப்புகளைச் சுற்றி வாருங்கள்

ஈராசிரியர் பள்ளியில் நீங்களும் வகுப்பெடுக்கிறவர். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். சுற்றி வர நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்; அதுவும் மதிய உணவு முடிந்த முதல் பாடவேளையில். என் நோட்டில் ஆறு மாதம் எழுதியதைப் பார்த்தபோது, சத்தமும் திட்டும் கூடியிருந்தது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இன்னொரு ஆசிரியர் பயிற்சிக்குப் போய், ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்க்கிற நாட்களும் அப்படித்தான். அதனால் பயிற்சித் தேதி வந்த உடனேயே அன்றைக்கு யார் எந்த வகுப்பைப் பார்ப்பது, எந்தப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைப்பது என்று எழுதி வையுங்கள். இந்த ஒரு ஏற்பாட்டால் எங்கள் பள்ளியில் சத்தமும் திட்டும் குறைந்த அளவுக்கு வேறு எதனாலும் குறையவில்லை.

வகுப்புக்குள் போனால் பார்க்க வேண்டியவை: மேசையில் பிரம்போ கருவேலங்குச்சியோ இருக்கிறதா, ஆசிரியர் பக்கத்தில் வரும்போது எந்தப் பிள்ளை தோளைக் குறுக்கிக் கையை மறைக்கிறது, யார் அடிக்கடி லீவு, அதுவும் எந்தக் கிழமையில். "குச்சி சும்மா பயம் காட்டத்தான் டீச்சர்" என்பார்கள். குச்சியை அன்றே வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் கோபத்தில் கை அதற்குத்தான் போகும்.

அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் இன்னொன்றையும் பாருங்கள். அரும்பு என்ற தொடக்க நிலையில் இருக்கிற பிள்ளையிடம் மலர் என்ற மேல் நிலைக்கான வேலையைக் கேட்டு, செய்யவில்லை என்று தண்டிப்பது நடக்கிறது. படிக்காத பிள்ளை, சொன்னதைக் கேட்காத பிள்ளை என்று பெயர் வாங்கிய ஒவ்வொருவருக்கும் முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயர்களைத் தனியாக எழுதிக் கொடுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் காட்டுங்கள். இதை நான் முன்பே செய்திருந்தால் அந்தப் பையன் அடி வாங்கியிருக்கவே மாட்டான்.

5. சம்பவம் தெரிந்த அன்று: முதல் இரண்டு மணி நேரம்

முதலில் குழந்தையை அந்த ஆசிரியர் பார்வையிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். காயத்தைப் பாருங்கள். தலை, காது, கண், முதுகெலும்பு, மூட்டு இவற்றில் அடி என்றால் யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வெறும் சிவப்புத் தடம்தான் என்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நான் "மஞ்சள் பத்துப் போட்டா சரியாயிடும்" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியவள்.

அடுத்து, பெற்றோருக்கு நீங்களே போன் செய்யுங்கள். பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். "வகுப்பில் ஆசிரியர் அடித்ததில் கையில் வீக்கம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், நேராக அங்கே வந்துவிடுங்கள்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விழுந்துவிட்டான் என்று சொல்லவே கூடாது. அந்த ஒரு பொய்யோடு நீங்களும் குற்றத்தில் பங்காளி ஆகிவிடுகிறீர்கள்.

அரசு மருத்துவமனைக்கே போங்கள். சிகிச்சைக்குக் காசு இல்லை. அதோடு விபத்துப் பதிவேட்டில் பதிவு ஆகும், ஏ.ஆர். காப்பி என்பார்கள். எப்படிக் காயம் பட்டது என்று மருத்துவர் கேட்கும்போது குழந்தையும் பெற்றோரும் பதில் சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். அடித்த ஆசிரியரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

குழந்தையிடம் விவரம் கேட்பது ஒரே ஒரு முறை. நீங்களும் மேலாண்மைக் குழுவின் ஒரு பெண் உறுப்பினரும் இருந்தால் போதும். அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "ஸ்கேலால நாலு தடவை போட்டாங்க" என்று சொன்னால் அதையே எழுத வேண்டும். "தாக்கினார்" என்று திருத்தி எழுதினால் அது குழந்தை சொன்னது மாதிரி இருக்காது, விசாரணையில் சந்தேகம் வரும். "மிஸ் அடிச்சாங்களா?" என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். "என்ன ஆச்சு கண்ணு?" என்று மட்டும் கேளுங்கள்.

6. அன்று இரவுக்குள் எழுத வேண்டியவை

ஒரு கோப்பு போடுங்கள். அதில் இந்த வரிசையில் தாள்கள் இருக்கட்டும்: உங்கள் சம்பவக் குறிப்பு, குழந்தை சொன்னது, பார்த்த பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னது, அன்றைய வருகைப் பதிவேட்டின் நகல், மருத்துவச் சீட்டின் நகல், ஆசிரியருக்குக் கொடுத்த விளக்கம் கேட்கும் கடிதம், வந்ததும் அவருடைய பதில்.

சம்பவக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்படி எழுதலாம்:

"இன்று பிற்பகல் 2.40 மணிக்கு மூன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் கையில் வீக்கத்துடன் இருப்பதைச் சத்துணவு அமைப்பாளர் என்னிடம் தெரிவித்தார். 2.45க்கு மாணவரை நேரில் பார்த்தேன். வலது புறங்கையில் வீக்கம், இரண்டு சிவந்த கோடுகள். 2.55க்குத் தாயாருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். 3.20க்கு அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். 4.30க்கு வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன்."

மணி, நிமிடம், கண்ணால் பார்த்தது. உங்கள் கருத்தும் கோபமும் அந்தத் தாளில் வேண்டாம்.

ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் கடிதத்தை அன்றே கொடுத்து மறுநாள் மாலைக்குள் பதில் கேளுங்கள். வாங்க மறுத்தால் "வாங்க மறுத்தார்" என்று எழுதி இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, அதே கடிதத்தை ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். சங்கத்திலிருந்து போன் வரும். மரியாதையாகப் பேசி, "எழுத்தில் கொடுங்க சார், கோப்பில் சேர்த்துக்கறேன்" என்று சொன்னால் போதும்.

புகைப்படம் எடுக்கலாமா? காயத்தை மட்டும், முகம் தெரியாமல், பெற்றோர் சம்மதத்தோடு. அந்தப் படம் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது, ஆசிரியர் குழுவுக்கும்தான். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளிப்படுத்துவது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74இன்படி குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உள்ளூர் நிருபர் கேட்டால் குழந்தையின் பெயர், வகுப்பு, தெரு எதையும் சொல்லாதீர்கள்.

7. மேலே அனுப்புவதும் காலக்கெடுவும்

தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியருக்கு ஆசிரியரைத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. நம் வேலை குழந்தையைப் பாதுகாப்பதும் உண்மையை எழுதி அனுப்புவதும்தான். அன்றே தொலைபேசியில் வட்டாரக் கல்வி அலுவலருக்குச் சொல்லுங்கள். மறுநாள் காலை முதல் வேலையாக அறிக்கையை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை வாங்காத அறிக்கை கொடுக்காத அறிக்கைக்குச் சமம் என்று எனக்குச் சொன்னவர் ஓய்வு பெறப்போகும் ஓர் இருக்கை எழுத்தர். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கண்காணிப்புக் குழு கூடி, தன் பரிந்துரையைச் சம்பவம் நடந்த 48 மணி நேரத்துக்குள் மாவட்ட அளவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது தேசிய ஆணையத்தின் நெறிமுறை. வெள்ளிக்கிழமை நடந்தால் திங்கள் வரை காத்திருக்கக் கூடாது. சனிக்கிழமையே குழுவைக் கூட்டுங்கள்.

நிதியுதவி பெறும் பள்ளி என்றால் நடவடிக்கை எடுக்க வேண்டியவர் பள்ளிச் செயலர். அவருக்கு எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகல் கொடுங்கள். தனியார் பள்ளி என்றால் தாளாளருக்கும், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும். "நிர்வாகத்துக்குள்ளேயே பார்த்துக்குவோம்" என்று தாளாளர் சொன்னாலும் உங்கள் கையெழுத்துப் போட்ட அறிக்கை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அரசு ஆசிரியர் மீதான நடவடிக்கை தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி நடக்கும். சிறு தண்டனைக்கு 17(அ), பெரும் தண்டனைக்கு 17(ஆ) என்று நாம் பேச்சில் சொல்வதெல்லாம் அந்த விதிகள்தான். எதைப் போடுவது என்பது மேலதிகாரியின் முடிவு. "17(ஆ) போடக் கூடாது" என்றோ "போட்டே ஆகணும்" என்றோ உங்கள் அறிக்கையில் எழுதாதீர்கள்.

தொட்ட விதம் வேறு மாதிரி என்று குழந்தை ஒரு வார்த்தை சொன்னாலும், மேலே சொன்ன வரிசை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே காவல் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அது போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம். தனக்குக் கீழ் வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் தெரிவிக்காமல் விட்டால் அவருக்கே ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அந்த விஷயத்தில் நீங்கள் உள்விசாரணை செய்து உறுதிப்படுத்த வேண்டியதில்லை.

8. பெற்றோரிடம் எப்படிப் பேசுவது

இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். நம் ஊர்ப் பெற்றோரில் பலர் பிள்ளையைச் சேர்க்கும் அன்றே "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று கூட்டத்திலேயே ஒரு தாத்தா எழுந்து சொன்னார். அதைக் கேட்டுவிட்டு, பெற்றோரே சம்மதித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிவு 17இல் பெற்றோர் சம்மதித்தால் அடிக்கலாம் என்று எங்கும் இல்லை. அப்படிச் சொன்ன அதே தாய், வீங்கிய கையைப் பார்த்ததும் அழுதாள். தோலை உரிக்கச் சொன்னது நம்பிக்கையில் சொன்ன பேச்சு.

செய்யக் கூடாதவை நான்கு. "புகார் இல்லை" என்று எழுதி வாங்காதீர்கள். மருத்துவச் செலவுக்கு என்று ஆசிரியரிடம் பணம் வாங்கிப் பெற்றோர் கையில் கொடுக்காதீர்கள், அது வாயடைக்கக் கொடுத்த பணமாகவே பார்க்கப்படும். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். "பிடிக்கலைன்னா டி.சி. வாங்கிக்கிட்டுப் போங்க" என்று யாரையும் சொல்லவிடாதீர்கள், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது, பிரிவு 16.

அவர்களுக்கு இருக்கும் வழிகளை நீங்களே சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32இன்படி எழுத்தில் புகார் கொடுத்தால் இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். காவல் நிலையம் போகலாம். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், இரண்டாவது முறை ஒரு சம்பவம் வந்தபோது. அந்தத் தகப்பனார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க மறைக்கலைல்ல, அது போதும் டீச்சர்" என்றார். கடைசியில் எங்கும் போகவில்லை. போயிருந்தாலும் எனக்குக் கவலை இருந்திருக்காது. கோப்பு தயாராக இருந்தது.

9. காவல் துறைக்குப் போனால்

பெற்றோர் மனு கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. முதல் தகவல் அறிக்கை பதிவானால் புகார்தாரருக்கு நகல் இலவசம். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் சாதாரணக் காயத்துக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 115(2) வரும்: ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 75இன்படி, தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கினாலோ கொடுமை செய்தாலோ 3 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். குழந்தையின் பராமரிப்பும் பாதுகாப்பும் ஒப்படைக்கப்பட்ட நிறுவனத்தின் ஊழியர் என்றால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் வரை அபராதமும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். அதே சட்டத்தின் பிரிவு 82இல் உடல் தண்டனை என்ற சொல் இருப்பதால் பலர் அதைப் பள்ளிக்குப் பொருத்தி எழுதுகிறார்கள். அது குழந்தைகள் பராமரிப்பு இல்லங்களுக்கானது. உங்கள் அறிக்கையில் எழுத வேண்டாம். இன்னொன்று, கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வரை. ஒன்றாம் வகுப்பில் இன்னும் ஆறு நிறையாத பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குச் சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிவு 75 பதினெட்டு வயது நிறையாத எல்லாருக்கும் பொருந்தும்.

காவலர்கள் பதிவேடு கேட்டால் ஒப்புகை பெற்றுக்கொண்டு கொடுங்கள், நகலை முதலில் எடுத்து வையுங்கள். எந்தப் பதிவேட்டிலும் பழைய தேதி போட்டு ஒரு எழுத்துகூடச் சேர்க்காதீர்கள்.

10. செலவு

பெரிய செலவு இல்லை. பெட்டியை ஊர்த் தச்சர் 350 ரூபாய்க்குச் செய்து கொடுத்தார். நோட்டு, கோப்பு அட்டை, நகல்கள், ஒப்புகைத் தபால் எல்லாம் சேர்ந்து ஒரு சம்பவத்துக்கு 200, 250 ரூபாய். மருத்துவமனைக்கு ஆட்டோ தனி. பள்ளி மானியத்தில் எடுப்பதாக இருந்தால் வாங்குவதற்கு முன்பே மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுவிடுங்கள், வாங்கிவிட்டுப் போட்டால் தணிக்கையில் நிற்கும். நேரம்தான் உண்மையான செலவு. முதல் இரண்டு நாள் வேறு எந்த வேலையும் ஓடாது. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவு ஒரு நாள் தாமதமானால் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம்.

11. அதற்குப் பிறகு

குழந்தை மறுநாள் பள்ளிக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அன்று மாலையே வீட்டுக்குப் போங்கள். வந்தால் அதே ஆசிரியரிடம் உட்கார வைக்காதீர்கள். இரண்டே ஆசிரியர் என்றால் அந்த வகுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று தேதி குறித்து வைத்துக் குழந்தையிடம் பேசிக் கோப்பில் இரண்டு வரி எழுதுங்கள். மற்ற பிள்ளைகள் "உன்னாலதான் சாருக்குப் பிரச்சினை" என்று அதை ஒதுக்குவார்கள். எங்கள் பள்ளியில் அதைத் தூண்டிவிட்டவர் ஒரு பெரியவர்தான். அதையும் மனத் துன்புறுத்தலாகவே எழுதுங்கள்.

ஆசிரியரிடமும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். என்னோடு வேலை பார்த்த அந்த மூத்தவர், நடவடிக்கை முடிந்த பிறகு, தன்னையும் இப்படித்தான் அடித்து வளர்த்தார்கள் என்றும் வேறு வழி தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். வேறு வழி சொல்லிக்கொடுக்க வேண்டியது என் வேலை. சத்தம் கூடினால் பாட்டு, கைதட்டல் கணக்கு. எழுதாத பிள்ளையை முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைப்பது. கோபம் தலைக்கேறினால் வகுப்பை என்னிடம் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய்வருவது என்று ஓர் ஒப்பந்தம். முதல் மாதத்தில் பதினோரு தடவை வெளியே போனார். ஒருமுறைகூட அவர் கையில் குச்சி இல்லை.

நீங்கள் மாறுதலாகிப் போகும்போது இந்தக் கோப்பு, பெட்டி நோட்டு, உறுதிமொழித் தாள்கள் மூன்றையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் தனி வரிகளாக எழுதி, அடுத்து வருகிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எந்தெந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி, யாருக்குக் காது மந்தம் என்ற பட்டியலையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.